ஒன்றும் நடக்காத மீன் கதை

தமிழ் படிக்கிறவர்களுக்குக் கதை எழுதுவது பல்லில்லாதவருக்கு முறுக்குச் சுடுகிற தொழில்: சுட்டு, ஊறவைத்து, பிசைந்து, வடித்துக் கொடுத்த பிறகு, முறுக்கு எங்கே என்று நம்மிடமே கேட்பார்கள்.

சனிக்கிழமைக் காலை நித்திரையைக் குழப்பிக்கொண்டு பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு இழுத்து வந்த பெற்றோரே, வந்த உடனேயே எப்போது முடியும் என்று கேட்ட பிள்ளைகளே, உங்களுக்கு என் களைப்பு தெரியும். பென்ஷன் எடுத்த பிறகு வீட்டில் சும்மா இருந்திருக்கலாம். நன்றாகக் கதை அளக்கிறவன் என்று ஊரில் எனக்கு ஒரு பேர் இருந்தது. அதை நம்பி இந்தச் சுவிஸ் நாட்டு டீட்டிகோன் தமிழ் வகுப்பில் படிப்பிக்கவும் வாசிப்புப் புத்தகம் எழுதவும் கூப்பிட்டார்கள். நான் பொய் சொல்கிறவன் இல்லை. நடந்ததற்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பந்திக்கு வந்திருக்கிற ஆட்களுக்குப் போதும்படி செய்கிறவன்.

மரியதாஸின் திருக்கை

மரியதாஸ் மன்னார் பேசாலைக்காரன். நானும் அவனும் இங்கே ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் நின்று பீங்கான் கழுவியே நரைத்தவர்கள். கழுவும்போது அவன் ஒரே கதையைத்தான் சொல்வான். இளந்தாரியாக இருந்த காலத்தில் அவன் தூண்டிலில் பாய்போல விரிந்த ஒரு திருக்கை மீன் மாட்டியது. அது வள்ளத்தோடு அவனை இழுத்துக்கொண்டு ராமேஸ்வரம் கோபுரம் தெரிகிற தூரத்துக்குப் போனது. அவன் கயிற்றை விடவில்லை. கடைசியில் திருக்கைதான் அலுத்துப்போய்த் திரும்பி, அவனைப் பேசாலைக் கரையிலேயே கொண்டுவந்து விட்டது. நாங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தத் திருக்கை ஒரு சாப்பாட்டு மேசையளவு இருந்தது. பென்ஷன் எடுக்கும்போது ட்ராம் பெட்டியளவு வளர்ந்திருந்தது. நான் புத்தகத்துக்கு எழுதிய முதல் கதை இதுதான். மரியதாஸ் ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று, தன் திருக்கை புத்தகத்தில் வரப்போகிறது என்று போகிற வருகிற எல்லாரையும் பிடித்துச் சொன்னான்.

அந்த நேரம் பார்த்து அவனுடைய ஒரே மகள் மெலனி, பாசலில் ட்ராம் ஓட்டுகிற ரேத்தோ என்ற சுவிஸ்காரப் பொடியனைக் கட்டப்போகிறேன் என்று வந்து நின்றாள். பொடியன் நல்லவன். அவர்களைப்போல வேதக்காரனும்கூட, ஆகவே சமயத்தைச் சொல்லித் தட்டிக்கழிக்கவும் வழியில்லை. மரியதாஸ் அவனோடு வாய் திறக்கவில்லை. கலியாணத்தன்று மகளைக் கைபிடித்துப் பீடம்வரை கூட்டிக்கொண்டு போகவும் மாட்டேன் என்றுவிட்டான். மெலனி என்னிடம் வந்து அழுதாள். நான் போய்க் காரணம் கேட்டேன். பொடியன் வெளிநாட்டுக்காரன், ட்ராம் ஓட்டுகிறவன் என்று ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். அவன் சொன்னது இது:

"உனக்குத் தெரியும்தானே. என்ரை திருக்கையை விளங்காத ஒருத்தன் என்ரை வீட்டில வந்திருந்து என்னத்தைச் செய்யிறது?"

டீச்சரின் சிவப்புப் பேனை

அந்தக் கிழமையே ரேத்தோ என் வகுப்பில் வந்து சேர்ந்தான். பெரியவர்களுக்கு வேறு வகுப்பு இல்லை. ஆறடி மனிதன், எட்டு வயதுப் பிள்ளைகளின் கதிரையில் முழங்காலைத் தாடைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு இருந்தான். இவனுக்காகவாவது திருக்கைக் கதையைச் சீக்கிரம் அச்சுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று, வகுப்புக்குப் பொறுப்பான வனிதா டீச்சரிடம் கொண்டுபோனேன்.

வனிதா டீச்சர் தங்கமான பிள்ளை. ஆனால் ஒரு கதையில் புதுச் சொல் பத்துக்கு மேல் இருந்தால் சிவப்புப் பேனையைத் திறந்துவிடுவார். வள்ளத்தை வெட்டிப் படகு என்று போட்டார். கோபுரம் அடுத்த வருஷத்துப் பாடமாம். இழுத்துக்கொண்டு போவது, களைப்பது, திரும்புவது எல்லாம் மேல் வகுப்புக்கு. ஊர்ப் பேரும் ஆள் பேரும் கணக்கில் சேராது என்பதால் 'பேசாலை'யும், மரியதாஸில் மிஞ்சிய 'தாஸ்' என்ற பேரும் மட்டும் உயிர் தப்பின. திருக்கையையாவது விட்டுவிடுங்கோ, அதுதானே கதை என்று கெஞ்சினேன்.

"ஐயா, முதல் பிள்ளையள் மீனைப் பிடிக்கட்டும். திருக்கையை அஞ்சாம் வகுப்பில பாப்பம்."

அதிகாரிகள்

மெலிந்துபோன கதையை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ஒரு கை உயர்ந்தது. அக்ஷரா. அவளுடைய அப்பாவுக்குத் தபால் பொதி தரம்பிரிக்கிற இடத்தில் வேலை. தாஸ் உயிர்காப்பு அங்கி போட்டிருந்தாரா என்று கேட்டாள். இல்லை, சாரம்தான் கட்டியிருந்தார் என்றேன். அவளுக்குப் பின்னால் இருந்தவன், மீன் பிடிக்கிற பெர்மிட் இருந்ததா என்றான். பேசாலையில் பெர்மிட் தருவது கடல்தான் என்றேன். வகுப்பு முழுதும் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தது. ரேத்தோவும்தான்.

அடுத்த கிழமை தாஸுக்கு ஒரு செம்மஞ்சள் அங்கி மாட்டிவிட்டு, சாரத்து மடிப்பில் ஒரு பெர்மிட்டையும் செருகிவிட்டுக் கொண்டுபோனேன். அக்ஷரா கவனமாகக் கேட்டாள்.

"இப்ப சரி தாத்தா. ஆனா பெர்மிட் இருக்கோ எண்டு ஒருத்தரும் வந்து பாக்கேல்லையோ?"

பெற்றார் கூட்டம்

கதை எப்படியோ ஊஸ்டர் ஊர்த் தமிழ் வகுப்புக்கும் போய்விட்டது. அங்கிருந்து ஒரு தாய் ரயில் மாறி எங்கள் பெற்றார் கூட்டத்துக்கு வந்தார். அவர் மகள் இப்போது மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சாப்பிடுவதில்லை. தாஸ் பிடித்த மீனை நினைத்து இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லையாம். மீனைக் கடைசியில் திரும்பக் கடலில் விட்டுவிடலாமே என்றார். எனக்குக் களைப்பு. சரி, விடுவோம் என்றேன்.

உடனே பின்வரிசையில் ஒரு தகப்பன் எழும்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் லிம்மாத் ஆற்றில் தூண்டில் போடுகிறவர். திருப்பி விடுகிற எண்ணத்தோடு மீன் பிடிப்பது இந்த நாட்டில் சட்டவிரோதம், மிருகவதை, பிள்ளைகளுக்கு அதையா படிப்பிக்கிறது என்றார். பிடித்தால் ஊஸ்டர் அழும். விட்டால் சட்டம் அடிக்கும். கூட்டம் இரண்டாகப் பிரிந்து கதைத்து, வடையும் முடிந்து, தேத்தண்ணியும் ஆறிப்போனது. கடைசியில் அந்தத் தகப்பனே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"மாஸ்டர், பேசாமல் மீனைப் பிடிக்காமலே விட்டிடுங்கோ. ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லை."

மாரல்

புத்தகம் அச்சாகி வந்த பிறகு பாசலில் இருந்து ஒரு பெண் தொலைபேசி எடுத்தார். சென்னைக்காரர், மருந்துக் கம்பெனியில் பெரிய வேலை, மகனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறார். மிகவும் மரியாதையாகப் பேசினார். நீளமாகவும் பேசினார். படங்கள் பிரமாதம், எழுத்து பெரிதாக இருக்கிறது, காகிதம் நல்ல காகிதம். நான் மனம் குளிர்ந்து கதிரையில் சாய்ந்தேன். சாய்ந்திருக்கக் கூடாது.

"ஒரே ஒரு டவுட்டு சார். அந்த மீன் கதையோட மாரல் என்ன? மீன் என்ன கத்துக்கிட்டுது?"

ஒரே ஒரு ரசிகர்

கதையின் கடைசி வடிவத்தை நீங்களும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பேசாலையில் தாஸ் என்று ஒருவர் இருந்தார். அவர் அங்கி போட்டார். அவரிடம் பெர்மிட் இருந்தது. அவர் படகில் போனார். ஒரு மீன் வந்தது. தாஸ் மீனைப் பார்த்தார். மீன் தாஸைப் பார்த்தது. மீன் போனது. தாஸ் வீட்டுக்கு வந்தார்.

மரியதாஸ் புத்தகம் வந்ததா என்று கேட்கும்போதெல்லாம், அச்சுக்கூடத்தில் வேலைநிறுத்தம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்த நாட்டில் அப்படி எளிதில் நடக்காது என்று அவனுக்கும் தெரியும். நான் அளக்கிறேன் என்று நினைத்து, பாவம், விட்டுவிட்டான். இன்னொரு பக்கம் ரேத்தோ ட்ராம் கடைசித் தரிப்பிடத்தில் நிற்கிற நேரமெல்லாம் புத்தகத்தை விரித்து வைத்து வாய்விட்டுப் படித்தான். அவனிடம் நான் ஒரே ஒரு புத்தி சொன்னேன். மரியதாஸ் வீட்டுக்குப் போனால் சும்மா இராதே, உனக்குத் தெரிந்த தமிழில் ஏதாவது சொல், நல்ல கதையாகப் பார்த்துச் சொல் என்று. எது நல்ல கதை என்று அவனே தீர்மானித்திருந்தான். திறந்த பக்கத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக என்னிடம் சொன்னான்:

"ஐயா, இந்தக் கதை மிகவும் நல்லது. ஒரு விபத்தும் இல்லை."

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

கலியாணத்துக்கு முந்திய மாதம் மெலனி எல்லாரையும் தகப்பன் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டாள். இதுதான் கடைசி முயற்சி மாமா, நீங்களும் வந்து பக்கத்தில் இருங்கோ என்றாள். இடியப்பம், சொதி, நண்டுக் கறி. மரியதாஸ் மேசைத் தலைப்பில் இருந்தான். ரேத்தோவை அவன் பார்க்கவே இல்லை. கறி போடச் சொல்லு என்று மகளிடம் சொன்னான். தண்ணி வேணுமோ எண்டு கேள் என்று மகளிடம் சொன்னான். மருமகனாக வரப்போகிறவன் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தான். வார்த்தை மட்டும் மெலனி வழியாகச் சுற்றிப் போனது. மெலனி ஒன்றும் சாப்பிடவில்லை.

அப்போது ரேத்தோ கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தான். பேசாலையில் தாஸ் என்று ஒருவர் இருந்தார் என்று தொடங்கினான். நான் எடுத்த இடியப்பத்தைப் பீங்கானிலேயே போட்டேன். மரியதாஸின் கையும் நண்டோடு நின்றது. அங்கி போட்டார் என்றபோது அவன் புருவம் ஏறியது. பெர்மிட் என்றபோது மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். நான் சுவரில் தொங்கிய அந்தோனியார் படத்தைப் பார்த்தேன், அவருடைய உதவி எனக்குத் தேவைப்பட்டது. ரேத்தோ ஒரு தரிப்பிடமும் விடாமல், அவசரமும் இல்லாமல், ட்ராம் ஓட்டுவதுபோலவே போனான். மீன் தாஸைப் பார்த்தது. மீன் போனது. தாஸ் வீட்டுக்கு வந்தார். முடித்துவிட்டு, மரியதாஸைப் பார்த்து மரியாதையாகத் தலையைக் குனிந்தான்.

மரியதாஸ் நண்டைப் பீங்கானில் வைத்தான். மகள் பக்கம் திரும்பப் பார்த்தான். திரும்பவில்லை. கோபத்தில் அவனுக்கு மகள் வழியாகச் சுற்றிப்போக நேரம் இருக்கவில்லை.

"தம்பி, அந்த மீன் போகேல்லை. அது வெறும் மீனும் இல்லை. உவன் உம்மை ஏமாத்திப்போட்டான். கதிரையை இழுத்துக்கொண்டு இஞ்சை கிட்ட வந்து இரும், நடந்ததை நான் சொல்லுறன்."

ஒரு கேள்வி

அவன் சொன்னான். இடியப்பம் காய்ந்தது, சொதி ஆடை கட்டியது. விளங்காத இடத்தில் கரண்டியை வள்ளமாக்கி, மேசைவிரிப்பைக் கடலாக்கிக் காட்டினான். திருக்கையைக் காட்டத் தன் கை போதாமல் ரேத்தோவின் கையையும் பிடித்து விரித்தான். மெலனி அப்போதுதான் பீங்கானை இழுத்துச் சாப்பிடத் தொடங்கினாள். என்னோடு மட்டும் மரியதாஸ் கதைக்கவில்லை. பரவாயில்லை, பீங்கான்களை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன், அது எனக்குப் பழகிய தொழில்.

திரும்பி வரும்போது திருக்கை அவனைக் கரையில் கொண்டுவந்து விட்டிருந்தது. ரேத்தோ கரண்டி வள்ளத்தைக் கையில் எடுத்துப் பார்த்தான். பிறகு, அன்றைக்கு உங்களிடம் பெர்மிட் இருந்ததா என்று கேட்டான். நான் கதவோரத்திலேயே நின்றுவிட்டேன். மரியதாஸ் அவனை மேலும் கீழும் பார்த்தான், மகளைப் பார்த்தான்.

"பிள்ளை, ஆள் திறம். திருக்கையில சந்தேகமில்லை, பெர்மிட்டைத்தான் கேக்கிறார். உன்னைப் பீடம்வரைக்கும் நானே கூட்டிக்கொண்டு வாறன். ஆனா இனிமேல் இவருக்குத் தமிழ் படிப்பிக்கிறது நான்."

கலியாணத்தன்று அப்படியே கூட்டிக்கொண்டு போனான். பின்வரிசையில் இருந்து பார்த்த எனக்கு விளங்கியது இதுதான், நான் இந்தத் தொழிலில் எழுதியவற்றில் ஒரே ஒரு கதைதான் ஒருவருக்குப் பயன்பட்டது, அதுவும் ஒன்றுமே நடக்காத கதை.