மசியாத றெக்கை

கடைக்கு வருகிறவர் குடையோடு வந்தால் போச்சு. செண்பகராஜ் அதைப் பிடுங்கி விரித்து, ஓரத்துணியை வாயால் ஊதி, அது எப்படித் துடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் "என்ன மோட்டாரு அண்ணாச்சி?" என்று கேட்பார். கோவில்பட்டியில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். மோட்டார் வாரக்கணக்கில் மூலையில் கிடக்கும். குடைக்கு மட்டும் உடனடிப் பரிசோதனை. கூடவே திரியும் எனக்கே எரிச்சல் வந்திருக்கிறது.

கடை வேலைக்கு நடுவே அவர் செய்வது றெக்கை அடித்துப் பறக்கும் பொம்மை வல்லூறு. வயிற்றுக்குள் சின்ன மோட்டார், இயக்க ரிமோட். றெக்கையின் முன்விளிம்பில் கார்பன் குச்சி, பின்னால் குடைத்துணி. "முன்னால எலும்பு கணக்கா நிக்கணும், பின்னால சேல முந்தி கணக்கா ஆடணும். றெக்க மசிஞ்சாத்தான் காத்தைப் பின்னால தள்ளும். வெறச்சுதுன்னா அடிச்சுக்கிட்டே விழும், நான் சொல்லுதேன்" என்பார். சொல்லும்போது தோளையும் ஆட்டிக் காட்டுவார். டீக்கடையில் பலர் மேல் டீ சிந்தியிருக்கிறது.

விளையாட்டில்லை இது. விளாத்திகுளம் பக்கம் அவருடைய அக்கா அழகுத்தாய் சூரியகாந்தி போட்டிருக்கிறார். கிளி விரட்ட ஓலைவெடியைக் கையில் பிடித்துப் பற்றவைத்து வீசுவார். போன வாரம் ஒன்று வீசுமுன்னே வெடித்து, இடது கை விரல்களில் கட்டு. அடுத்தது கண்ணாக இருந்தால்? தம்பிக்கு அந்த நினைப்பில் சோறு இறங்கவில்லை. "ஏலே, இன்னைக்கு உன் பறவை பறக்கலன்னா நான் வெடியத்தான் எடுப்பேன்" என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்று புஞ்சைக்கு நானும் போயிருந்தேன். செண்பகராஜ் வல்லூறை வீசினார். படபடவென்று அடித்தது, எம்பவே இல்லை, தலைகுப்புறக் கரிசலில் விழுந்தது. ஓடிப்போய் றெக்கையைத் தடவியவர் முகம் செத்துப்போனது. துணியின் பின்னோரம் மேளத்தோல் மாதிரி விறைத்திருந்தது. நெருக்கமான புதுத் தையல்.

"நேத்து நீ வீட்டுல வச்சிட்டுப் போகையிலேயே தொய்ஞ்சு கெடந்துச்சுலே. நாலு பேரு பாக்க வேண்டாமா? காலைல நாந்தான் இழுத்துப் புடிச்சுத் தச்சேன்" என்றார் அக்கா. கட்டுப்போட்ட கையோடு தைத்திருக்கிறார்! "அய்யோ அக்கா" என்று தம்பி பிளேடைத் தேடினார்.

அதற்குள் கிளிக்கூட்டம் கீச்சுக்கீச்சென்று பூக்களில் இறங்கிவிட்டது. அக்காவின் வலது கை மடிக்குள் போய் ஓலைவெடியோடு வெளியே வந்தது. "நில்லுக்கா, நில்லுக்கா" என்று கத்திக்கொண்டே செண்பகராஜ் பிளேடால் தையலை அறுத்தார். அவசரத்தில் துணியும் ஒரு விரற்கடை கிழிந்தது. ஆனது ஆகட்டும் என்று வீசினார்.

றெக்கையின் பின்னோரம் நெளிந்தது. வல்லூறு ஒருமுறை தாழ்ந்தது. பிறகு அது பூக்களுக்கு மேலே ஏறியது. கிளிகள் அலறிக்கொண்டு கலைந்தன.

ரிமோட்டைத் திருகியபடியே செண்பகராஜ் அக்காவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அழகுத்தாய் பக்கத்தில் வந்து, கையிலும் மடியிலும் இருந்த ஓலைவெடிகளை எல்லாம் அள்ளித் தம்பியின் சட்டைப்பையில் போட்டார்.