இரவல் போன கல்யாண உடுப்பு

பொது நூலகத்தின் பின்னறைதான் அவள் வேலை செய்த இடம். முதுகு பிய்ந்த நாவல்கள், பக்கம் கழன்ற அகராதிகள், யாரோ தேநீர் கொட்டிய சமையல் புத்தகங்கள் எல்லாம் கடைசியில் அவள் மேசைக்குத்தான் வந்து சேரும். காலையிலிருந்து மாலை வரை விரலில் பசை காயாது. அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் பசையக்கா. வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். மத்தியானம் மூன்று மணிக்கு வெயில் அதன் வழியே நுழைந்து மேசைமேல் சாய்ந்து கொஞ்ச நேரம் படுத்திருக்கும். காகிதத் தூசி அதில் மெல்ல மிதக்கும். அந்தக் கால் மணி நேரம் பசையக்கா வேலை செய்கிற மாதிரி இருப்பாளே தவிர, செய்ய மாட்டாள். பிரஷ் கையில் இருக்கும், மனசு எங்கேயோ போயிருக்கும். கூப்பிட்டால் இரண்டாவது குரலுக்குத்தான் திரும்புவாள்.

ஒருநாள் அவள் வீட்டுக் கூரையில், மேல்வீட்டுக் குழாய் கசிந்து, ஈரம் வட்டமாகப் பரவியது. பீரோவுக்கு மேலே இருந்ததையெல்லாம் இறக்க வேண்டியதாயிற்று. பழைய சூட்கேஸ், உடைந்த மின்விசிறி, அதற்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி. லிஃப்ட் பழுது பார்க்கிற அவள் கணவர் அந்தப் பெட்டியை மட்டும் இரண்டு கையாலும் ஏந்தி வந்து கட்டிலில் வைத்தார்.

“இது என்னன்னு தெரியுதா?”

“தெரியாம என்ன. திறங்க, நனைஞ்சிருக்கான்னு பாப்போம்.”

மெல்லிய தாளுக்குள் பாலாடை நிறத்தில் அவளுடைய கல்யாண கவுன் மடிந்து படுத்திருந்தது. மேல்பாகம் பட்டு, உள்ளே பருத்தி லைனிங், பாவாடையின் மேலே வலைத்துணி, முதுகு நெடுக இருபத்திரண்டு குட்டிப் பொத்தான்கள். ஈரம் படவில்லை. இடுப்புக்குக் கீழே மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பூத்திருந்தது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு ஆறு மணி நேரம் உடுத்தியது. அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் பீரோவின் உச்சியில் இருந்திருக்கிறது.

பசையக்காவுக்குப் பழைய நினைவில் கண் கலங்கவெல்லாம் இல்லை. அவளை அரித்தது வேலைப் பழக்கம். நூலகத்தில் ஐந்து வருஷம் யாரும் தொடாத புத்தகத்தைக் கழித்துக்கட்டத் தள்ளுவண்டியில் ஏற்றிவிடுவார்கள். ஏற்றுகிறவள் அவள்தான். ஊரார் புத்தகத்துக்கு ஒரு நியாயம், தன் வீட்டுப் பெட்டிக்கு ஒரு நியாயமா என்று மனசு குறுகுறுத்தது.

அந்த வார விடுமுறையில், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவளுக்கு ஒரு கனவு வந்தது. கவுன் தானாக எழுந்து, படியிறங்கி, பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறது. உள்ளே ஆளில்லை. இருந்தாலும் பக்கத்தில் நின்றவர்கள் அதன் ஓரத்தை மிதிக்காமல் ஒதுங்கிக்கொள்கிறார்கள். நூலகத்து வாசலில் இறங்கி வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் குனிந்து, “என்னை யாராவது கேட்டாங்களா?” என்று கேட்கிறது. கவுண்டரில் இருந்தவள் பதில் சொல்வதற்குள் விழிப்பு வந்துவிட்டது.

அதன் பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. பழைய உடுப்பு வாங்கும் கடைக்காரர், கவுனின் உப்பிய கைகளைப் பார்த்து, “இந்த மாடல் எல்லாம் இப்ப யாரும் தொடமாட்டாங்கம்மா” என்று மடித்துக் கொடுத்தார். துணி சேகரிக்கிற வண்டிக்காரரிடம் இது எங்கே போகும் என்று கேட்டாள். “கன்டெய்னர்ல போகும். அப்புறம் எங்க போகும்னு எனக்குத் தெரியாது. பாதி குப்பைமேட்டுலதான் முடியும்” என்றார் அவர், ஒளிவுமறைவில்லாமல். நாடகக் குழு ஒன்று ஆசையாகக் கேட்டது. விசாரித்தால், பேய் வேஷத்துக்காம்.

மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “குடுத்துருங்க அண்ணி. பேயாவது தினமும் உடுத்துமில்ல.”

“பேய்க்குக் கொடுக்க மனசு வரல, போ.”

“அப்ப என்னதான் பண்ணப் போறீங்க? கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு வேடிக்கை காட்டப் போறீங்களா?”

அவளுக்கே தெரியவில்லை. பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று.

துப்பறியும் கதைகளை வாரத்துக்கு மூன்றாக விழுங்குகிற பஸ் கண்டக்டர் ஒருத்தி உண்டு. டிக்கெட்டைப் பக்கத்துக்குப் பக்கம் அடையாளமாக வைத்துத் திருப்பிக் கொடுப்பாள். அவற்றைப் பொறுக்கி எடுப்பதும் பசையக்காவின் வேலை. ஒரு மத்தியானம் அந்தக் கண்டக்டர் பின்னறைக்கு வந்து கதவில் சாய்ந்துகொண்டு, அடுத்த வாரம் தனக்குக் கல்யாணம் என்றாள்.

“என்ன உடுத்தப் போற?”

“இருக்கிறதுல நல்லதா ஒண்ணு. ஒரு நாளைக்குன்னு வாங்கி அப்புறம் அதை எங்கக்கா வைக்கிறது? எங்க வீட்டுல ரெண்டு பேரு நின்னா மூணாவது ஆளு வெளிய நிக்கணும்.”

வெயில் மேசைக்கு வந்திருந்த நேரம் அது. பசையக்கா அரைக் கனவில் இருந்தாள். வாய் தானாகச் சொல்லிற்று: “எங்கிட்ட ஒண்ணு இருக்கு. எடுத்துட்டுப் போய்ட்டுத் திருப்பிக் கொடு.”

“எத்தனை நாளைக்கு?”

“பதினாலு நாள்.”

சொன்ன பிறகுதான், அது புத்தக இரவலுக்கான கெடு என்று உறைத்தது. கண்டக்டர் சிரிக்கவில்லை. “நாள் போதலேன்னா?” என்று பொறுப்பாகக் கேட்டாள்.

“புதுப்பிச்சுக்கலாம். வேற யாரும் கேக்கலேன்னா.”

அன்று மாலையே பசையக்கா ஊசியும் நூலும் எடுத்து உட்கார்ந்தாள். கவுனின் உள்விளிம்பில் சின்னதாக ஒரு பை தைத்து, அதில் நூலகப் புத்தகத்தில் வைக்கிற மாதிரி கோடு போட்ட தேதி அட்டை ஒன்றைச் செருகினாள். மஞ்சள் கறையை எலுமிச்சைச் சாறும் வெயிலுமாக இரண்டு நாள் பார்த்ததில் பாதி போயிற்று, பாதி தங்கிவிட்டது. அட்டையின் தலையில் எழுதினாள்: அளவுக்குத் தையலைப் பிடிக்கலாம், விடலாம், துணியை வெட்டி எறியக் கூடாது. கழற்றிய துணி எதுவானாலும் கூடவே திரும்பி வர வேண்டும். பச்சைத் தண்ணீரில் கையால் அலச வேண்டும்.

பதின்மூன்றாம் நாள் கவுன் திரும்பி வந்தது. தோளில் ஒரு மடிப்பு கூடியிருந்தது. பைக்குள் அட்டையோடு ஒரு பஸ் டிக்கெட்.

சேதி எப்படிப் பரவியதோ தெரியாது. நீச்சல் பயிற்சி கொடுக்கிற பெண் வந்தாள். அவளுடைய தோள் அகலத்துக்கு முதுகைப் பிரித்து, உப்பிய கைகளைக் கழற்றி, அந்தத் துணியையே நடுவில் பட்டையாக வைத்துத் தைத்தார்கள். அறுபதை நெருங்குகிற பெண் பல் வைத்தியர் ஒருவர் இரண்டாம் கல்யாணத்துக்கு எடுத்துப் போனார். குளிர் தாங்காதென்று கழுத்துக்குப் பட்டி கேட்டார். பழக்கடைப் பெண்ணுக்குப் பாவாடை நீளமாகிக் காலைத் தட்டியது. கீழ்ப்பகுதியை நான்கு விரல் மடித்து ஏற்றினாள். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் வாசனை வேறாக இருக்கும். ஒரு தடவை சோப்பு, ஒரு தடவை கடற்காற்று, ஒரு தடவை தோல் உரித்த ஆரஞ்சு. பசையக்கா அதை முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவாள். தான் போகாத கல்யாணங்கள் அவளுக்குத் தெரியும். மர நிழலில் நாற்காலிகள், யாரோ தேடிக்கொண்டே இருந்த பேனா, மழைக்கு ஒதுங்கிய விருந்தாளிகள். அட்டையில் இருந்தது தேதி மட்டும்தான். மீதியை அவளே பார்த்துக்கொண்டாள்.

ஏழாவதாக எடுத்துப் போனவள் திருப்பித் தரவில்லை.

கடைத்தெரு முனையில் ஒரு பெட்டிக்கடைக்குள் உட்கார்ந்து சாவி செய்கிறவள் அவள். முப்பது வயது இருக்கும். பதினாலு நாள் ஒரு மாதமாகி, மாதம் நான்காயிற்று. கடைப் பக்கம் போனால் பூட்டியிருந்தது. அடுத்து ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். நாத்தனார், “நான் அப்பவே சொன்னேன்ல” என்று ஆரம்பித்தாள். அவள் எதையும் அப்போதே சொல்லியிருக்கவில்லை. பசையக்கா முகவரி விசாரித்து, ஒரு விடுமுறை மத்தியானம் நான்கு மாடி ஏறிப் போனாள்.

கதவைத் திறந்தவளுக்கு யாரென்று உடனே தெரிந்துவிட்டது. விலகி நின்றாள். உள்ளே சமையலறைக் கதவில் கவுன் தொங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் காற்றில் வலைத்துணி மூச்சு விடுகிற மாதிரி லேசாக ஏறி இறங்கியது.

“கல்யாணம் நடக்கலக்கா.”

“ம்.”

“வேற ஊர்ல வேலை கிடைச்சுப் போனான். கொஞ்சம் யோசிக்கணும்னு செய்தி அனுப்பினான். இன்னும் யோசிச்சுக்கிட்டே இருக்கான்.”

பசையக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். நான்கு மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

“உடுத்தவே இல்ல. உடுத்தாததைத் திருப்பிக் கொடுக்க என்னமோ மாதிரி இருந்துச்சு. அட்டையில என்ன எழுதுறது? அதான் வரல. உங்களை ஏமாத்தணும்னு இல்ல.”

“படிக்காம திரும்பி வர்ற புக்குதான் எங்ககிட்ட அதிகம்” என்றாள் பசையக்கா. “முதல் பக்கம்கூட விரிச்சிருக்க மாட்டாங்க. அதுக்காக யாரும் கோவிச்சுக்கறதில்ல.”

சாவிக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பசையக்கா தடுக்கவில்லை. அழுது முடிந்ததும் டீ போடலாம் என்று எழுந்தவள் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, பாலில்லை என்றாள்.

“அதனால என்ன. போய் வாங்கிட்டு வரலாம்” என்றாள் பசையக்கா. கவுனைப் பார்த்தபடி, “அதைப் போட்டுக்கிட்டு வேணாலும் வா” என்றாள்.

“பால் வாங்கவா?”

“எதுக்குன்னு அட்டையில கேள்வியே இல்லையே.”

இருபத்திரண்டு பொத்தான்களையும் பசையக்காதான் போட்டுவிட்டாள். அளவு கச்சிதமாக இருந்தது. இருவரும் படியிறங்கினார்கள். வெயில் சாய்ந்து தெரு முழுக்கத் தேன் நிறமாகிக் கிடந்தது. பாவாடை தரையைத் தொடாமல் நீந்துகிற மாதிரி போயிற்று. சைக்கிளில் வந்தவர் காலை ஊன்றி நின்று வழி விட்டார். மாடியில் துணி காயப்போட்டவள் கையிலிருந்த துணியோடு அப்படியே பார்த்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைக்காரர் பால் பாக்கெட்டை நீட்டும்போது அதன் ஈரத்தைத் தன் சட்டையில் ஒற்றிவிட்டுக் கொடுத்தார்.

தெருமுனை வரை போய்த் திரும்பலாமா என்று சாவிக்காரி கேட்டாள். போனார்கள். அங்கிருந்து பூங்கா வரை. பூங்கா பெஞ்சில் நிழல் நீளும்வரை பாலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “நல்லா இருக்குக்கா” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். கவுனையா, மாலைப் பொழுதையா என்று பசையக்கா கேட்கவில்லை.

மறுநாள் கவுன் அலசிக் காய்ந்து பின்னறைக்கு வந்தது. அட்டையில் தேதிக்கு எதிரே, ‘பால்’ என்று எழுதியிருந்தது. அந்த வாரமே சாவிக்கடை திறந்தது.

இன்னும் ஐந்து பேர் உடுத்தினார்கள். பன்னிரண்டாவது பெண் திருப்பிக் கொடுத்தபோது பட்டு நைந்து, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிந்தது. தையலில் ஊசி வைத்தால் துணி விட்டுக்கொடுத்தது. பசையக்கா ஒரு முழு நாள் யோசித்தாள். பிறகு விடுமுறையில் வீட்டு மேசையில் விரித்துப் பிரிக்க உட்கார்ந்தாள். சாவிக்காரி தன் கத்தரியோடு துணைக்கு வந்தாள். எதுவும் வீணாகக் கூடாது என்பது பேச்சு. வலைத்துணி செயற்கை நூல், மண்ணில் புதைத்தாலும் மக்காது. அதை மொட்டைமாடித் தக்காளிச் செடிகளுக்குப் பறவை கொத்தாமல் மூட எடுத்து வைத்தார்கள். பொத்தான்களை நாத்தனார் தன் ஸ்வெட்டருக்குக் கேட்டாள். பேய் பேச்சைப் பேசியவளுக்குப் பொத்தான் எதற்கு என்று பசையக்கா இழுத்தடித்துவிட்டுத்தான் கொடுத்தாள். பட்டில் ஒரு துண்டை எடுத்துச் சாவிக்காரி, சாவி தேய்க்கிற தன் சின்ன அரங்களுக்கு உறை தைத்துக்கொண்டாள்.

கணவர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், உள்ளங்கையளவு பட்டுத் துண்டை எடுத்துத் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.

“அன்னிக்கு இதைத் தொடவே பயமா இருந்துச்சு” என்றார். “எவ்வளவு கழுவியும் கையில கிரீஸ் இருந்த மாதிரியே இருந்துச்சு. போட்டோவுல பாரு, என் கை ரெண்டும் பின்னாலதான் இருக்கும்.”

இருபத்தாறு வருஷத்துக்கு மேலாக அந்தப் புகைப்படத்தைப் பார்த்தும், அவர் பெருமைக்காகக் கையைப் பின்னால் கட்டி நிற்கிறார் என்றே அவள் நினைத்திருந்தாள். பட்டில் மீதி இருந்ததையெல்லாம் அவர் பக்கம் தள்ளினாள்.

பருத்தி லைனிங்கைப் பட்டை பட்டையாகக் கிழித்து நூலகத்துக்குக் கொண்டுபோனாள். கழன்ற அட்டையையும் புத்தகத்தையும் முதுகில் சேர்த்துப் பிடிக்க அப்படித் துவைத்துத் துவைத்து இளகிய துணிதான் தோது. மூன்று மணி வெயிலில் பசை தடவி, பட்டையை ஒட்டி, விரலால் நீவிக்கொண்டே இருப்பாள். ஒரு வருஷத்துக்குக் காணும் அளவு இருந்தது.

முதலில் ஒட்டியவற்றில் ஒன்று கனமான உலக வரைபடப் புத்தகம். முதுகு இரண்டாகப் பிளந்து ஒரு வருஷமாக வெளியே போகாமல் கிடந்தது. கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் அதை எடுக்க வந்தார். பசையக்கா ஏதோ காரணம் சொல்லிக் கவுண்டர் பக்கம் போய் நின்றாள். அவர் நடுப்பக்கத்தைத் திறந்தார். இரண்டு பக்கமும் கையை எடுத்த பிறகும் எழும்பாமல் மேசையோடு மேசையாகப் படிந்து கிடந்தன. நீலக் கடல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை முறியாமல் ஓடியது.

“நல்லா விரியுதே” என்றார் அவர்.

“விரியும்” என்றாள் பசையக்கா.