எண்பத்தாறு சென்டிமீட்டர்

கண்டியில் நான் வேலை செய்யும் கார்கோ அலுவலகத்துக்கு இன்று புசல்லாவையிலிருந்து ஓர் அக்கா தன் மகளோடு வந்தார். கணவர் கட்டாரிலிருந்து அனுப்பிய பெட்டியைத் திறந்தால், முழுக்கப் பருத்திப் பின்னல் கவுன்கள்.

சுங்கப் படிவத்தில் கைக்குழந்தை உடுப்புக்கு ஓர் எண், பெரிய பிள்ளை உடுப்புக்கு வேறு எண். எல்லை, பிள்ளையின் உயரம் எண்பத்தாறு சென்டிமீட்டர்; அதுவரை கைக்குழந்தை. கவுன் லேபலில் எண்பது சென்டிமீட்டர் என்றிருந்தது.

"யாருக்கு அக்கா இது?"

"இவளுக்குத்தான் தம்பி."

"இவளுக்கா? தலையே நுழையாது. என்னத்தப் பாத்து வாங்கினாரு?"

என் வாய் அப்படி.

"அவரு போகும்போது இவ இவ்வளவுதான் தம்பி. மூணு வருஷமாச்சு. கடையில கையால உயரம் காட்டி வாங்கினாராம்."

"தினம் வீடியோ கால்ல பாக்குறாருதானே?"

"போன்ல மூஞ்சி மட்டுந்தானே தெரியுது."

கைக்குழந்தை உடுப்பு என்றே எழுதினேன். விதிப்படி அது சரிதான்.

போகும்போது சொன்னார்: "இன்னைக்குப் போட்டுக் காட்டச் சொல்லியிருக்காரு. பத்தலன்னு சொல்ல மாட்டேன். கழுத்துக்கிட்ட வச்சுப் புடிச்சுக் காட்டிருவேன்."

வெளிநாட்டில் இருக்கும் அப்பாமார் யாராவது வாசித்தால், இன்று போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். பிள்ளை இப்போது எத்தனை சென்டிமீட்டர் என்று கீழே எழுதுங்கள், பார்ப்போம்.