வேலைக்காரன் கொண்டுபோன கடிதம்

நாடகம் படித்தால் மனசு விரியும் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். எனக்கு ஒன்றும் விரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு இங்கிலீஷ் நாடகம் படித்தேன். அதிலும் பாதிதான்.

ஐம்பதுகளில், செங்கல்பட்டில், எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பு. மகாபலிபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் சேரி. அங்கிருந்து அந்த வகுப்புவரை வந்து சேர்ந்தவன் நான் ஒருவன்தான். பாஸ் செய்தால் வாத்தியார் பயிற்சிக்குப் போகலாம். தவறினால் அப்பாவோடு சவுக்குத் தோப்பில் மரம் வெட்டப் போகவேண்டும். நான் தங்கியிருந்த சர்க்கார் விடுதியில் தவறிய பையனுக்கு அடுத்த வருடம் இடம் கிடையாது.

அந்த வருடம் பாடமாக வைத்த நாடகம் கடைக்கு வரவேயில்லை. மெட்ராஸிலிருந்து எப்படியோ வாங்கிவந்த பிரதிகள் வகுப்பில் மூன்று இருந்தன. ஒன்று இங்கிலீஷ் வாத்தியாருடையது. மற்ற இரண்டும் வசதியுள்ள வீட்டுப் பையன்களுடையவை. வாத்தியாருக்கு நாடகக் கிறுக்கு. நாடகக் கம்பெனியில் நடிகனுக்கு முழுக் கதையையும் எழுதித் தரமாட்டார்களாம், அவனவன் பார்ட்டை மட்டும்தான் தருவார்களாம். அப்படியே எங்களையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

"அவனவன் பார்ட்டை அவனவன் ஒழுங்கா படிச்சா போதும்டா. முழுசும் தன்னால வந்துடும்" என்றார்.

பிரபு வேஷம் அரிசி ஆலை முதலாளியின் மகனுக்கு. எனக்கு வேலைக்காரன். என்னைப் பார்த்துவிட்டு, "உனக்கு இது பொருத்தமா இருக்கும்" என்றார். வகுப்பு சிரித்தது. அவர் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே பொருத்தம் என்று நினைத்தார். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

வேலைக்காரனுக்கு ஒன்பது வரி. அதில் நான்கு, 'எஸ், மை லார்ட்'. இரண்டாம் அங்கத்தில் பிரபு ஒரு கடிதத்தைக் கொடுப்பார். அதைப் பக்கத்துக் கோட்டைக்காரரிடம் கொடுத்துவிட்டு வேலைக்காரன் போய்விடுவான். அப்புறம் வரமாட்டான். பார்ட் முடிந்தவன் வகுப்பில் இருக்கக்கூடாது என்பது வாத்தியார் வைத்திருந்த விதி.

"வெளியே போன்னா நெஜமாவே வெளியே போகணும். இங்கயே நின்னுகிட்டிருந்தா நாடகம் கெட்டுப்போகும்."

போனேன். அந்த வருடம் முழுக்க, நாடகப் பாடம் நடந்த நாளெல்லாம், இரண்டாம் அங்கத்துக்கு மேல் நான் தாழ்வாரத்தில்தான் நின்றேன். ஜன்னல் வழியாக இங்கிலீஷ் சத்தம் வரும். சத்தம் மட்டும்தான் வரும். கடிதம் என்று என்னிடம் கொடுத்தது மடித்த வெள்ளைத் தாள். ஒருநாள் பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அரிசி ஆலைப் பையனிடம் புத்தகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டேன்.

"உன் பார்ட்டு உன்கிட்ட கீது இல்ல, அப்பறம் இன்னாத்துக்கு?"

"முழுசா படிக்கணும்."

"வேலக்காரனுக்கு முழுசு எதுக்குடா? அப்பறம், வூட்ல கேப்பாங்கடா, யார்கிட்ட குடுத்தேன்னு."

யாரிடம் கொடுத்தால் வீட்டில் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். பிடுங்கியாவது படித்திருக்கவேண்டும். நான்தான் முட்டாள்தனமாக ஒன்பது வரியையும் மூச்சுவிடாமல் சொல்லத் தெரிந்தால் போதும் என்று நம்பினேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது வாசலில் நடந்துகொண்டே 'எஸ், மை லார்ட்', 'எஸ், மை லார்ட்' என்று அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா கோடாலியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாடா அது, சொன்னதயே சொல்லிகினு கீற?"

"ஆவட்டுங்க எஜமான்னு அர்த்தம் நைனா."

கோடாலியைக் கீழே வைத்தார். "இத படிக்கவா பஸ்ஸு ஏறி செங்கல்பட்டு போற? நான் இங்கயே தெனம் நாலு வாட்டி சொல்லிகினு கீறேனே. என்ன கேட்டிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேன்."

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பரீட்சையில் நாடகத்துக்குப் பெரிய கேள்வி ஒன்றுதான். பிரபு அனுப்பிய கடிதத்தில் என்ன இருந்தது, அதனால் என்ன ஆயிற்று? அதை இரண்டு முறை படித்தேன். கடிதத்தைக் கொண்டுபோனதே நான்தான். ஒரு வருடமாகக் கொண்டுபோயிருக்கிறேன். வெறும் தாளைக் கொடுக்க மனமில்லாமல் நானே ஒரு கடிதம் எழுதினேன். இதைக் கொண்டுவரும் வேலைக்காரன் ரொம்ப நாளாக நல்லபடி உழைத்துவிட்டான், அவனை வீட்டுக்குப் போக விடுங்கள் என்று பிரபு எழுதியதாக. திருத்தியவர் சிரித்திருப்பார்.

ரிசல்ட் வந்த அன்று திருக்கழுக்குன்றம்வரை நடந்துபோய்ப் பேப்பர் பார்த்தேன். உச்சிவேளை, கோயில் சோறு தின்ன மலைக்குக் கழுகு வரும் நேரம். கடைத்தெருவில் எல்லோரும் அண்ணாந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து என் நம்பரைத் தேடினேன். மூன்று முறை தேடினேன். இல்லை. பிறகு மார்க் வந்தது. இங்கிலீஷில் மட்டும் போயிருந்தது. மறுபடி எழுதலாம் என்றார்கள். அடுத்த வருடத்துக்கு வேறு நாடகம் வைத்திருந்தார்கள். அதற்குப் புத்தகம் எங்கே, தங்க இடம் எங்கே?

பல வருடம் கழித்து அந்தப் புத்தகத்தை ஒரு பழைய பேப்பர் கடையில் பார்த்தேன். நின்றபடியே எழுத்துக் கூட்டிக் கடிதத்தைப் படித்தேன். மகளின் கல்யாணத்தை அறுவடை முடியும்வரை தள்ளிப்போடச் சொல்லி நாலு வரி. அவ்வளவுதான். மீதியைப் படிக்கவில்லை. எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்தேன். புத்தகத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல் என்று இப்போது யாராவது கேட்டால் என்னிடம் ஒன்றும் இல்லை.

அன்று ரிசல்ட் பார்த்துத் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன், பரீட்சையில் வந்த கடிதக் கேள்வியையும் சொன்னேன். திட்டவில்லை. கோடாலியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டார்.

"அந்தக் கடுதாசில இன்னாதான் இருந்துச்சாம்?"

"தெரியாது நைனா."

"எடுத்துகினு போனவன் நீதானே?"

"எடுத்துகினு போறவனுக்கு சொல்லமாட்டாங்க."

"அதுவும் சரிதான்" என்றார். என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினார். "மெத்துன்னு கீது. மொத பத்து நாளு ரத்தம் வரும். துணி சுத்திக்கோ."

மறுநாள் அம்மா தன் பழைய புடவையிலிருந்து இரண்டு துண்டு கிழித்துக் கொடுத்தாள். தோப்பில் மேஸ்திரி எனக்கு ஒரு வரிசையைக் காட்டி, இதெல்லாம் சாயங்காலத்துக்குள் விழவேண்டும் என்றான்.

"ஆவட்டுங்க" என்றேன்.