நீச்சல்குளத்துக்கு வந்த கடல் தண்ணீர்

துபாய் ஓட்டல்களில் பதினோரு வருஷம் நீச்சல்குளம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய எனக்கு, சித்தன்னவாசல் போகிற வழியில் ஒரு விடுதியில் அதே வேலை கிடைத்தது. விடுதிக்காரர் ரைஸ்மில் முதலாளி. உப்புத் தண்ணீர்க் குளம் தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்பதில் அவருக்குப் பெருமை. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வதில் மட்டும் அக்கறை இல்லை.

"எங்க குளத்துல மருந்தே கிடையாதுங்க. வெறும் உப்புதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்த உப்பிலிருந்துதான் மெஷின் குளோரினைப் பிரித்தெடுக்கிறது என்று முதல் நாளே விளக்கினேன். பந்தியில் பக்கத்து இலைக்காரர் பேசுவதைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டார்.

மெஷின் ஓட ஓடத் தண்ணீரில் காரம் ஏறும். பிஎச் அளவு ஏழரையை ஒட்டி நிற்க வேண்டும். ஏறினால் ஆசிட் விட்டு இறக்க வேண்டும். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் சுண்ணாம்பு வேறு அதிகம். ஆசிட் கேட்டபோது, "கக்கூஸ் கழுவுறத ஊத்தி ஆளுங்கள குளிக்கச் சொல்றீங்களா?" என்றார். வாங்கித் தரவில்லை. இரண்டே வாரத்தில் அளவு எட்டைத் தாண்டியது. மெஷின் தகடுகளில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்தது. குளம் அரிசி களைந்த தண்ணீர்போல் கலங்கியது.

முதலாளியின் பேத்தி காதுகுத்துக்குச் சம்பந்தி வீட்டார் வர ஒரு வாரம் இருந்தது. அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார்.

"கடையில வாங்குன உப்பு சரியில்ல. கடல் தண்ணியவே கொண்டாந்து ஊத்திருவோம். ஒரிஜினல்."

"கடல்ல உப்பு இதவிடப் பத்து மடங்குங்க. மெஷின் நின்னுரும்."

"மீனே அதுலதான் உசிரோட இருக்கு. ஒங்களுக்கு என்னங்க?"

மீன்கள் மெஷின் வைத்துக்கொள்வதில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. வேலை போய்விடும் என்று பயந்து அடக்கிக்கொண்டேன். அவரை எவ்வளவு இளக்காரமாக நினைத்தாலும், அன்றைக்கு வாயை மூடிக்கொண்ட என்னையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

மணமேல்குடிப் பக்கமிருந்து இரண்டு டேங்கர் வந்தன. வெயிலில் ஒரு முழத்துக்கு மேல் வற்றிக் கிடந்த குளத்தில் கடல் கொட்டுவதை அவர் செல்போனில் படம் எடுத்தார். அன்று மாலையே மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்து குளோரின் நின்றது. ஏணி துருப்பிடித்தது. காதுகுத்து நாளில் குளம் பாசிப் பச்சை.

சம்பந்தி வீட்டுப் பிள்ளைகள் துண்டோடு கிளம்பியபோது முதலாளியின் மனைவி என்னிடம் வந்தார்.

"அண்ணே, பிள்ளைக எறங்கலாமா? உள்ளதச் சொல்லுங்க."

"வேணாங்க. கண்ணு எரியும். காது குத்துன பிள்ளைக்குச் சீழ் வச்சிரும்."

அந்த அம்மாவே போய்க் குளத்துக் கேட்டைப் பூட்டினார். முதலாளி சம்பந்தியிடம், "சாயங்காலமா எறங்கலாம், இப்ப வெயிலு" என்று சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் தண்ணீரை வெளியேற்றச் சொன்னார். "மோட்டாரப் போட்டு அங்கிட்டுத் தொறந்துவிடுங்க." அங்கிட்டு என்று அவர் கை காட்டியது அடுத்தவர் நிலக்கடலைக் கொல்லை.

"அந்த மண்ணுல அப்பறம் ஒண்ணும் முளைக்காதுங்க. நான் மோட்டார் போட மாட்டேன்."

"தண்ணிதானய்யா" என்றார். விவசாயிகளின் நெல்லை அரைத்து வாழ்கிற மனிதர்.

பின்னால் நின்ற அவர் மனைவி, "வந்த லாரியிலயே திரும்பப் போகட்டும்" என்றார். முதலாளி லாரிக்காரருக்குப் போன் போட்டார். கடலுக்குச் சித்தன்னவாசலைச் சுற்றிக்காட்டிவிட்டுப் பல நடையாகத் திருப்பி அனுப்பினோம்.

தகடுகளைக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, அளவாக உப்புப் போட்டேன். ஆசிட்டை அந்த அம்மாவே வாங்கி வைத்தார். சோதனைக் குழாயில் எத்தனை சொட்டு விடுவது, எந்த நிறம் வரவேண்டும் என்று இரண்டு நாளில் கற்றுக்கொண்டார். அந்த மாதமே நான் வேலையை விட்டேன்.

மெஷினைக் கெடுத்ததே நான்தான் என்று முதலாளி சொல்லிக்கொண்டு திரிவதைத் திருக்கோகர்ணத்து டீக்கடையில் ஒருவர் சொன்னார். தண்ணீர் இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். அடியில் கிடக்கிற ஊசிகூடத் தெரிகிறதாம்.