பெரியம்மா சொன்ன பதில்கள்

ஒரு சிறுமி சொல்ல வேண்டிய பதில்களை அவளுடைய பெரியம்மாவிடம் கேட்டு, சிறுமி சொன்னதாகக் குறித்தேன். தெரியாமல் செய்ததல்ல.

அப்போது கல்லூரியில் உளவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். சுனாமிக்கு மறு ஆண்டு, கடலோரப் பிள்ளைகளில் யாருக்கெல்லாம் மனநோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று அளக்கும் ஆய்வில் என்னையும் சேர்த்திருந்தார்கள். உறக்கம், பயம், வீட்டில் சாவு, அப்பா உடனிருக்கிறாரா என்றெல்லாம் கேள்விகள். மதிப்பெண் ஓர் அளவைத் தாண்டினால் அந்த வீட்டுக்கு ஆலோசகர் வருவார். தாண்டாவிட்டால் யாரும் வரமாட்டார்கள். பிள்ளையைத் தனியே வைத்துத்தான் கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

எனக்கு ஒதுக்கிய கடலோர ஊரான கடியப்பட்டணத்தில் வெளியாள் ஒருவன் பெண்பிள்ளையிடம் தனியே பேசுவதை யாரும் ஒப்பமாட்டார்கள். ஒரு பெண்ணை உடன் அழைத்துப் போயிருக்கலாம். அதற்கு இன்னொரு நாள் ஆகும் என்று விட்டுவிட்டேன்.

சிறுமிக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். தம்பியை அலை கொண்டுபோயிருந்தது. அப்பா வளைகுடாவில். அம்மா மீன் விற்கப் போயிருந்ததால் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ராத்திரி நல்லா ஒறக்கம் வருமா மக்களே?" என்று சிறுமியிடம் கேட்டேன்.

"இவளுக்கா சாரே? கெடந்தாள்னா கோயில் மணியக் கொண்டு வந்து காதுக்குள்ள அடிக்கணும்" என்றாள் பெரியம்மா.

"கடலைக் கண்டா பயம் உண்டா?"

"கடப்புறத்துல பொறந்த பிள்ளைக்குப் பேடியா? பேடியெல்லாம் காலேஜ் சாருக்குத்தான், பேண்டு நனஞ்சிரும்னு!"

வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தபடி, உறக்கக் குறை இல்லை, பயம் இல்லை என்று குறித்துக்கொண்டே போனேன்.

அடுப்பில் ஏதோ கருகும் வாடை வர, பெரியம்மா எழுந்து உள்ளே போனாள். சிறுமி தலைதூக்காமல் சொன்னாள்: "சாரே, கண்ண மூடினா தண்ணி வருது. நான் ஒறங்கவே மாட்டேன்."

தெளிவாகக் கேட்டது. ஆனால் அடித்துத் திருத்திய தாளை ஏற்கமாட்டார்கள். புதுத் தாளில் முதலிலிருந்து கேட்க வேண்டும். அன்றைக்கு இன்னும் வீடுகள் பாக்கி. "செபம் சொல்லிட்டுப் படு மக்களே" என்று சொல்லி எழுந்தேன். அவள் மதிப்பெண் அளவைத் தாண்டவில்லை.

நான் ஓய்வு பெற்றபின், அவ்வூர்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்த பழைய மாணவி ஒருத்தி பேச்சுவாக்கில் அந்தச் சிறுமியைப் பற்றிச் சொன்னாள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டதாம். வெளியே வருவதில்லை. மழை பலத்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாளாம்.

நாகர்கோவிலிலிருந்து பெண் ஆலோசகர் ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். அவள் அம்மாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

பெரியம்மா அழுதாள். "கெட்டிக் குடுக்க வேண்டிய பிள்ளையில்லா சாரே? வட்டு, கிறுக்குன்னு எழுதிட்டா யாரு கேட்டு வருவா? அதுக்காக்கும் அப்பிடிச் சொன்னேன்."

"நீ சும்மா கெட அக்கா. பிள்ள இவருகிட்ட வாயத் தொறந்து சொல்லியிருக்கு" என்றாள் அம்மா. பிறகு என்னைப் பார்த்து, "சாரு வெளிய போங்க. அவங்க மட்டும் இருக்கட்டும்."

போனேன். ஆலோசகர் மாதக்கணக்கில் அந்த வீட்டுக்குப் போய்வந்தார், மருத்துவரிடமும் கூட்டிப்போனார். நான் குறித்த அந்தப் பதில்களை நீக்கச் சொல்லி ஆய்வு நடத்தியவர்களுக்கு எழுதினேன். அறிக்கை அச்சாகிவிட்டது என்றார்கள்.

அந்தப் பெண் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதித் தேறினாள். விளக்கை அணைக்காமல் படுத்தால் ஓரளவு உறங்குகிறாள் என்று ஆலோசகர் சொன்னார். நேரில் வந்து மன்னிப்புக் கேட்கலாமா என்று அவர் மூலம் கேட்டேன். வேண்டாம் என்றாளாம். நான் போகவில்லை.