பொடியெழுத்துக்காரரின் பிரேக்

வலது காலை ஓங்கி அழுத்துகிறார். பிரேக் பிடிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் அழுத்துகிறார். எப்படிப் பிடிக்கும்? அவர் உட்கார்ந்திருப்பது ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில். காலுக்கடியில் இருப்பது வெறும் ரப்பர் விரிப்பு. அந்த விரிப்பில், அவருடைய செருப்பின் முன்பாகம் படுகிற இடத்தில், இரண்டே வாரத்தில் ஓர் ஓட்டை விழுந்திருக்கிறது.

"பிரேக்! பிரேக் போடும்மா!"

"அப்பா, நான் இன்னும் வண்டியை ஸ்டார்ட்டே பண்ணல."

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அவர். தெருவில் அவருக்குப் 'பொடியெழுத்து' என்று பெயர். கடையில் கண் பரிசோதனை அட்டையின் கடைசி வரியைத் தட்டுத் தடுமாறிப் படித்து முடித்து, அப்பாடா என்று வாடிக்கையாளர் மூச்சு விட்டால், "அதுக்குக் கீழ இன்னும் ஒரு வரி இருக்கே, அதையும் படிங்க" என்பார். கீழே இருப்பது அட்டையை அச்சிட்டவரின் விலாசம். அவர் அதைப் பத்தடி தூரத்திலிருந்து படிப்பார். பஸ் டிக்கெட்டின் முதுகு, தலைவலி மாத்திரைக்குள் மடித்து வைத்த காகிதம், சலவைத்தூள் டப்பாவின் அடிப்பக்கம் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. ஒருமுறை இஸ்திரிப் பெட்டி வாங்கி வந்து, கூட வந்த புத்தகத்தின் ஒன்பதாம் பக்கம் வரை படித்துவிட்டு, பெட்டியை ஒருமுறைகூடச் சூடாக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். "அதுல எழுதியிருக்கிறதைப் படிச்சா நீங்க சட்டையைக் கசங்கலாவே போட்டுப்பீங்க" என்றார்.

அவருடைய மனைவி பஸ் ஓட்டுநர். பன்னிரண்டு மீட்டர் பஸ்ஸை, காய்கறி வண்டிகளுக்கு நடுவே, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வளைத்துத் திருப்புகிற கைகாரி. கணவர் கார் ஓட்டினால் மட்டும் அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொள்வார். பயத்தினால் அல்ல, தூக்கத்தினால். "இருபத்திரண்டு வருஷமா ஒரு கீறல் இல்லை, தெரியுமா?" என்று இவர் பெருமை பேசும்போதெல்லாம், "அந்த வண்டி மூணாவது கியரையே பார்த்ததில்லைங்க, பாவம்" என்பார்.

இப்படிப்பட்ட வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பதினெட்டு முடிந்து, ஒரே நாளில் ஓட்டுநர் உரிமம் வந்து சேர்ந்தால் மனிதர் என்னதான் செய்வார்? அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான்கு நிமிடம் முந்திப் பிறந்த பெண்ணை வீட்டில் பெரியவள் என்பார்கள், பிந்திப் பிறந்த பையன் சின்னவன். சின்னவனுக்குக் கார் என்றால் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற இடம். பெரியவளுக்கு அப்படியில்லை. ஊருக்கு வெளியே இருக்கிற கால்நடை மருத்துவமனையில் அவளுக்கு உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. நாயைப் பிடித்துக்கொள்வது, பூனைக்கு மருந்து புகட்டுவது, மாடு உதைக்காத பக்கமாக நிற்பது. ஒன்றாம் தேதி சேர வேண்டும். "அந்தப் பக்கம் பஸ்ஸே கிடையாது" என்று பஸ் ஓட்டுகிற அம்மாவே சொல்லிவிட்ட பிறகு அதற்கு மேல் பேச்சு ஏது? கார் இல்லையென்றால் வேலை இல்லை. இன்சூரன்ஸில் அவள் பெயர் இல்லையென்றால் கார் இல்லை.

அவர் பதினோரு நிறுவனங்களின் நிபந்தனைப் புத்தகங்களை வாங்கிவந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். ஒரு வாரம் குடும்பமே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது. கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடி ஒரு கையிலும் சிவப்புப் பேனா மறு கையிலுமாக மனிதர் தவம் கிடந்தார். புதிதாக ஓட்டப் பழகிய பிள்ளைகள் இரண்டு பேர் என்று சொன்னதுமே எல்லா நிறுவனங்களும் காரின் விலையை விடக் கூடுதலாகக் கேட்டன. எதிர்வீட்டுத் தையல்காரர் ஒரு வழி சொன்னார்.

"நீங்க மட்டும்தான் ஓட்டுறதா எழுதிக் கொடுத்துடுங்க சார். யாரு வந்து பார்க்கப் போறா?"

"பதினாலாம் பக்கம், நாலாவது பத்தி" என்றார் இவர், ஏதோ கொலைக்குத் துணைபோகச் சொன்ன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. "பொய் சொன்னா பாலிசி செல்லாது. நான் படிச்சிட்டேன்."

சும்மா சொல்லக் கூடாது, உண்மை பேசுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. இன்சூரன்ஸ் அலுவலகத்துப் பெண்ணிடம் தொலைபேசியில் ஒன்றேகால் மணி நேரம் உண்மை பேசினார்.

"மேடம், எதையும் மறைக்காம சொல்லிடறேன். சின்னவன் அஞ்சு வயசுல மூணு சக்கர சைக்கிளைச் சுவத்துல மோதியிருக்கான். அதை எந்தக் கட்டத்துல எழுதணும்?"

"அதெல்லாம் வேண்டாம் சார்."

"பல்லு ஒண்ணு போச்சு மேடம்."

"பரவாயில்லை சார்."

"பால் பல்லுதான். இருந்தாலும் சொல்லிடணும் பாருங்க."

அந்தப் பெண் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, கட்டுப்படியாகிற ஒரு திட்டத்தை எடுத்துச் சொன்னாள். காரின் முன்கண்ணாடியில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியை ஒட்டுவார்கள். பிள்ளைகள் எப்படி ஓட்டுகிறார்கள் என்று அது கவனிக்கும். வேகம் மீறினால், வெடுக்கென்று திருப்பினால், திடீரென்று பிரேக் அடித்தால் மதிப்பெண் குறையும். ஒழுங்காக ஓட்டினால் ஏறும். மாதக் கடைசியில் எழுபதுக்குக் குறைந்தால் பிள்ளைகளின் பெயரை எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். முப்பத்தாறு பக்க நிபந்தனைகளையும் அவர் இரண்டு தடவை படித்துக் கையெழுத்துப் போட்டார்.

"இனிமே ஒவ்வொரு தடவையும் நான் கூட வருவேன். நான் பக்கத்துல இருந்தா மார்க் தானா ஏறும்" என்று பிள்ளைகளிடம் சொன்னார்.

ஏறியதா? சரிந்தது! முதல் வாரக் கடைசியில் அறுபத்தொன்று. இவர் கவலைப்பட்டு இன்னும் கூடுதலாகக் கூடப் போனார். இரண்டாம் வாரம் ஐம்பத்திரண்டு. பெரியவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இவர் கதவுக்கு வெளியே நின்று, நிபந்தனைப் புத்தகத்திலிருந்து சாலைப் பாதுகாப்பு பற்றிய பகுதியை உரக்க வாசித்தார். வேறு எப்படி ஆறுதல் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

சின்னவன்தான் கைபேசியில் அந்தப் பெட்டியின் பதிவுகளைத் தோண்டினான். அப்பா கடையில் மாட்டிக்கொண்டதால் அம்மா கூடப் போன நாட்களில் தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்றாறு. அப்பா போன நாட்களில் முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று. செவ்வாய்க்கிழமை பத்தே கால் மணிக்கு ஒரு திடீர் பிரேக். அது பிளாஸ்டிக் பையைப் பூனை என்று நினைத்து அப்பா அலறிய நேரம். பத்து பதினெட்டுக்கு இன்னொன்று. அது நிஜப் பூனையைப் பார்த்து, "இது பை இல்லை!" என்று அலறிய நேரம். பூனை என்னவோ மதில் மேல்தான் படுத்திருந்தது.

"அந்தப் பெட்டிக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் இவர்.

"முப்பத்தொண்ணாம் பக்கம் படிக்கிறேன், கேளுங்கப்பா" என்றான் சின்னவன். "கட்டி வைக்கப்படாத பொருட்களோ செல்லப் பிராணிகளோ ஓட்டுநரின் கவனத்தைக் கலைத்தால் நிறுவனம் பொறுப்பல்ல. நீங்க இதுல எதுப்பா? கட்டி வைக்காத பொருளா, செல்லப் பிராணியா?"

மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். இவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அந்த வரியின் கீழே அவருடைய சிவப்புப் பேனாவே அழுத்தமாகக் கோடு போட்டிருந்தது. ஓரத்தில் 'மிக முக்கியம்' என்று அவர் கையெழுத்தில் குறிப்பு வேறு.

அன்றிலிருந்து அவர் காரில் ஏறவில்லை. பெரியவள் வண்டியை எடுக்கும்போது சோபாவில் உட்கார்ந்துகொள்வார். கார் சத்தம் தெருமுனையில் திரும்புகிற வரை வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். "தரையில ஓட்டை போட்டா வீட்டுக்காரர் நம்மளைக் காலி பண்ணச் சொல்லிடுவார்" என்பார் மனைவி. மதிப்பெண் அறுபது ஆயிற்று, அறுபத்தாறு ஆயிற்று. மாதக் கடைசி நாள் காலையில் சரியாக எழுபது. இனி ஒரு திடீர் பிரேக் அடித்தாலும் மூன்று போய்விடும். அன்று பெரியவள் காரைத் தொடப்போவதில்லை என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறியது.

அன்றைக்கா அவருக்குக் கண் மருத்துவரிடம் முறை வர வேண்டும்! மூன்று மாதம் முன்பே வாங்கிய முறை. தேதியை மாற்ற முடியாது என்று சீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்ததை அவர் மதித்துத்தானே ஆக வேண்டும்? கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பரிசோதித்து வெளியே அனுப்பினார்கள். வெயிலில் வந்து நின்றால் உலகமே எண்ணெய்க் காகிதத்துக்குப் பின்னால் இருக்கிறது. பஸ் வந்தது. எந்த எண் என்று தெரியவில்லை. அச்சிட்டவர் விலாசத்தைப் பத்தடியிலிருந்து படிக்கிற மனிதருக்கு, பஸ்ஸின் நெற்றியில் முழ உயரத்துக்கு எழுதியது தெரியவில்லை. அந்த பஸ்ஸை ஓட்டியது அவருடைய மனைவி. நிறுத்தத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற கணவரைப் பார்த்து, "எங்கேயும் ஏறாதீங்க, அப்படியே நில்லுங்க. தீர்மானம் கிடக்கட்டும், கண்டக்டரை விட்டு போன் பண்ணச் சொல்றேன், பெரியவ வருவா!" என்று ஜன்னல் வழியாகக் கத்திவிட்டு அவர் போய்விட்டார்.

கார் வந்து நின்றது. இவர் கதவைத் திறக்காமல் வெளியிலேயே நின்றார்.

"நீ போம்மா. நான் நடந்தே வந்துடறேன். ஏழு கிலோமீட்டர்தானே?"

"கம்பத்தைப் பார்த்துப் பேசுறீங்கப்பா. நான் இந்தப் பக்கம் இருக்கேன். ஏறுங்க."

ஏறினார். பெல்ட்டைத் தடவித் தேடி மாட்டினார். "எனக்குப் பயமா இருக்கும்மா" என்றார். இத்தனை வருடத்தில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எனக்கும்தான் பயம். நீங்க கத்தும்போது மட்டும்."

வண்டி நகர்ந்தது. முன்னால் சிவப்புச் சிவப்பாக ஏதேதோ மங்கலாக வந்தன. லாரியா, விளக்கா, யாருடைய குடையா, ஒன்றும் புலப்படவில்லை. அவருடைய வலது கால் விரிப்பின் ஓட்டையை நோக்கி நகர்ந்தது. வாய் திறந்தது. பெரியவளின் கைகள் ஸ்டீரிங்கில் இறுகின. அவர் வாயை மூடிக்கொண்டார். செருப்பைக் கழற்றினார். வலது காலைத் தூக்கி இருக்கையின் மேல் மடக்கினார். இடது காலையும் மடக்கினார். பெல்ட்டுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கால்கள் இறங்கிவிடாதபடி இரண்டு கட்டைவிரல்களையும் இரண்டு கைகளால் பிடித்துக்கொண்டார்.

ஏழு கிலோமீட்டர். நான்கு சிக்னல். நிறைமாத வயிறு போல உப்பிய ஒரு வேகத்தடை, அதில் மெதுவாக ஏறி இறங்கினாள். ஒரு சைக்கிள் குறுக்கே வந்ததைக்கூட அவள் சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டார். அதற்கும் அவள் மெல்லத்தான் நின்றிருந்தாள்.

வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டுக் கைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், விரித்துப் பார்த்தார், தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு பார்த்தார்.

"தெரியலம்மா. நீயே படிச்சுச் சொல்லு."

"எழுபத்தொண்ணுப்பா! நாளைக்கு நான் வேலைக்குப் போறேன்!"

அவள் இறங்கிச் சுற்றிவந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். "இறங்குங்கப்பா, வீடு வந்தாச்சு" என்றாள். அவர் தலையை ஆட்டினார், சிரித்தார், கன்னத்தில் வழிந்தது சொட்டு மருந்துதான் என்றும் சொல்லிவிட்டார். கட்டைவிரல்களை மட்டும் இன்னும் விடவில்லை.